ஒரு லட்சம் சிவப்பணுக்களில் ஒன்று
காட்டு நோய்களின் தடம் – 9

இரத்த ஒட்டுண்ணி என்பது ஓர் உயிரினத்தின் இரத்தவோட்டத்தில் புகுந்து, அங்கேயே உண்டு பெருகி, பெரும்பாலும் ஒரு பூச்சியின் கடி வழியாக அடுத்த உயிரைச் சென்றடையும் நுண்ணுயிராகும். குரங்குகளின் இரத்தத்தில் இத்தகையவை பல வாழ்கின்றன என்றாலும், மனிதருக்கு மலேரியாவைத் தரும் பிளாஸ்மோடியம் பேரினத்தைச் சேர்ந்தவையே அவற்றுள் முதன்மையானவை. அவற்றை எப்படிக் கண்டறிவது என்ற கேள்வியோடு, கண்டறிய முடியாதபோது அந்த முடிவுக்கு என்ன பொருள் என்ற கேள்வியையும் சேர்த்தே இப்பகுதி ஆராய்கிறது.

நுண்ணோக்கியின் கீழ் இரத்தத் தடவலைப் பார்ப்பதே மிகப் பழைய முறையும், இன்றுவரை கைவிடப்படாத முறையும் ஆகும். மயக்க மருந்து தரப்பட்ட குரங்கின் தொடைச் சிரையிலிருந்து எடுத்த ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடிச் சிலைடில் வைத்து, இன்னொரு சிலைடைச் சாய்வாகப் பிடித்து ஒரே சீராகத் தள்ளும்போது, அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரவிய மெல்லிய தடவல் கிடைக்கிறது. அதை மெத்தனாலில் நிலைப்படுத்தி ஜீம்சா சாயத்தில் ஊறவைத்தால், ஒட்டுண்ணியின் உடல் நீலமாகவும் உட்கரு செந்நிறமாகவும் சாயமேறி, சிவப்பணுவுக்குள் கல் பதித்த மோதிரம் போன்ற ஒரு வடிவம் தெரிகிறது. தடித்த தடவலோ நிலைப்படுத்தப்படுவதில்லை. அதனால் சாயமேற்றும்போது சிவப்பணுக்கள் கரைந்துவிட, மிகுதியான இரத்தத்தை ஒரே இடத்தில் தேட முடிகிறது, ஆனால் ஒட்டுண்ணியின் நுட்பமான அடையாளங்கள் அதில் சிதைந்துவிடுகின்றன.

இம்முறையின் எல்லையை ஒரு கணக்கு விளக்கும். ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில், அதாவது ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கில், ஏறத்தாழ 50 லட்சம் சிவப்பணுக்கள் உள்ளன. வழக்கமான ஆய்வகப் பணியில் அந்த அளவுக்குள் சுமார் 50 ஒட்டுண்ணிகளாவது இருந்தால்தான் அவை கண்ணில் படும் வாய்ப்பு உண்டு. அதாவது லட்சம் அணுக்களில் ஒன்றைத் தேடும் வேலை இது. காட்டில் இயல்பாகத் தொற்றைச் சுமக்கும் குரங்குகளில் ஒட்டுண்ணியின் எண்ணிக்கை பெரும்பாலும் இந்த எல்லைக்கும் கீழேயே இருப்பதால், நலமாகத் தோன்றும் குரங்கின் சிலைடும் வெறுமையாகவே தோன்றிவிடுகிறது.

எண்ணிக்கையைவிடக் கடினமானது உருவ ஒற்றுமை. சிங்கப்பூரிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்ட நீள்வால் குரங்கொன்றில் 1931இல் காணப்பட்ட ஓர் ஒட்டுண்ணி, இரத்தத்தின் வழியே மனிதருக்கும் தொற்றக்கூடியது என்பதை ராபர்ட் நோல்ஸும் பிரஜ் மோகன் தாஸ் குப்தாவும் 1932இல் மெய்ப்பித்தனர். நோல்ஸின் பெயராலேயே அது பிளாஸ்மோடியம் நோலசி எனப்பட்டது. மலேசியாவின் பஹாங் காட்டிலிருந்து திரும்பிய அமெரிக்கர் ஒருவருக்கு அது இயற்கையாகவே தொற்றியிருந்தது 1965இல் வெளியான பிறகும், அரிதினும் அரிதான நிகழ்வென்றே நெடுங்காலம் கருதப்பட்டது. உண்மையில் அது அரிதாக இல்லை. வேறொரு பெயரில் பதிவாகிக்கொண்டிருந்தது. நோலசியின் வளர்ந்த நிலைகள், மனித மலேரியா ஒட்டுண்ணிகளுள் ஒன்றான பிளாஸ்மோடியம் மலேரியேயைப் போலவே சிவப்பணுவின் குறுக்கே பட்டையாகப் படிந்து தோன்றுவதே அதற்குக் காரணம். ஆனால் மலேரியே 72 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகுவது, பொதுவாக மிதமான நோயையே தருவது. நோலசியோ 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகி, சில நாட்களில் உயிருக்கே ஆபத்தாகக்கூடியது. சரவாக் மாநிலத்தின் கபிட் பகுதியில் மலேரியே என்று கூறப்பட்ட நோயாளிகளிடம் ஒட்டுண்ணியின் அளவு வழக்கத்துக்கு மாறாக மிகுந்திருந்ததைக் கண்டு ஐயமுற்ற பல்பீர் சிங்கும் ஜேனட் காக்ஸ்-சிங்கும் தம் குழுவினருடன் நடத்திய மரபணு ஆய்வில், 208 மலேரியா நோயாளிகளுள் 120 பேரிடம் நோலசி இருந்தது 2004இல் வெளியாயிற்று.

அந்த ஆய்வுக்குக் கைகொடுத்தது பி.சி.ஆர். எனப்படும் பாலிமரேஸ் சங்கிலி வினை. ஒட்டுண்ணிக்கு மட்டுமே உரிய ஒரு டி.என்.ஏ. துண்டை, அதன் இரு முனைகளிலும் பொருந்தும் பிரைமர் என்ற குறு இழைகளைக் கொண்டு கோடிக்கணக்கான படிகளாகப் பெருக்கும் முறை அது. இதன் துணையால் கபிட் காடுகளில் பிடித்து ஆராயப்பட்ட 108 குரங்குகளுள் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் மலேரியா ஒட்டுண்ணி இருந்ததும், ஒரே குரங்கில் பல இனங்கள் கலந்து வாழ்வதும் 2011இல் வெளியான ஆய்வில் தெரியவந்தன. எனினும் இம்முறையும் பிழைக்கு அப்பாற்பட்டதன்று. நோலசிக்கென உருவாக்கப்பட்ட தொடக்ககாலப் பிரைமர்கள் சிலவேளை மனித மலேரியா ஒட்டுண்ணிகளுள் மற்றொன்றான வைவாக்ஸ் இனத்தோடும் பொருந்திப் பொய்யான விடை தந்ததால், ஐயமான இடங்களில் டி.என்.ஏ. வரிசையையே படித்து உறுதிசெய்வது அவசியமாயிற்று.

காட்டுவிலங்கைப் பிடிப்பதே தகாத இடங்களில் எச்சம் உதவுகிறது. மத்திய ஆப்பிரிக்காவின் மனிதக் குரங்குகளிடமிருந்து, அவற்றைத் தொடாமலேயே திரட்டிய ஏறத்தாழ 3,000 சாண மாதிரிகளில் ஒட்டுண்ணியின் டி.என்.ஏ.யைத் தேடிய ஆய்வு, மனிதரைக் கொல்லும் ஃபால்சிபாரம் மலேரியா கொரில்லாவிடமிருந்து வந்தது என்று 2010இல் காட்டியது.

வளர்ப்பிடங்களில் கேள்வியே மாறிவிடுகிறது. காட்டில் ஒரு கூட்டத்தில் என்னென்ன தொற்றுகள் உலவுகின்றன என்று கேட்டால் போதும். கூண்டில் இருக்கும் இந்த ஒரு குரங்கு தூய்மையானதா என்றே கேட்க வேண்டியுள்ளது. காட்டிலிருந்து வந்த குரங்கு ஒட்டுண்ணியை ஆண்டுக்கணக்கில் அறிகுறியின்றிச் சுமந்து, மண்ணீரல் அகற்றப்பட்டாலோ நோயெதிர்ப்பாற்றல் குறைக்கப்பட்டாலோ திடீரென நோயுறக்கூடும். நீள்வால் குரங்கு எளிதில் தாங்கும் நோலசி, ரீசஸ் குரங்கைக் கொன்றுவிடும். இவற்றுக்கும் மேலாக, பிளாஸ்மோடியம் சைனோமோல்கியின் ஒரு நிலை கல்லீரல் அணுக்களுக்குள் உறங்கிக் கிடந்து, மாதங்கள் கழித்து விழித்து இரத்தத்துக்குள் வருகிறது. இரத்தத்தில் இல்லாததை எந்த இரத்தப் பரிசோதனையாலும் காண முடியாது என்பதால், இடைவெளி விட்டுப் பலமுறை பரிசோதிப்பது மட்டுமே ஓரளவு நம்பிக்கை தரும்.

இது தொலைதூரக் காடுகளின் செய்தி மட்டுமன்று. நீலகிரியில் குரங்கு மலேரியாவைக் கடத்துவது அனோபிலிஸ் எலிகன்ஸ் என்னும் கொசு என்பது 1963லேயே பதிவாகியுள்ளது. இலங்கையின் செங்குரங்கிலிருந்து 1965இல் விவரிக்கப்பட்ட பிளாஸ்மோடியம் ஃப்ராஜில், தென்னிந்தியாவின் நாட்டுக்குரங்கிலும் வாழ்கிறது, தோற்றத்தில் ஃபால்சிபாரத்தை ஒத்திருக்கிறது. கபிட்டில் நேர்ந்த உருவக் குழப்பத்துக்கு இடமளிக்கும் இனங்கள் இங்கும் உள்ளன என்பதே இதன் பொருள்.

ஆகவே, ஆய்வகத் தாளில் எழுதப்படும் ‘ஒட்டுண்ணி காணப்படவில்லை’ என்ற தொடர் ‘ஒட்டுண்ணி இல்லை’ என்பதற்கு ஈடாகாது. எவ்வளவு இரத்தத்தில், எம்முறையில், எத்தனை முறை தேடிய பின் அது எழுதப்பட்டது என்பதும் உடன் பதிவாகும்போதே அது அறிவியல் முடிவாகிறது. கபிட்டின் நோயாளிகள் இனம் மாற்றி எழுதப்பட்டதற்கு நுண்ணோக்கி காரணமன்று. அது காட்டியதற்கு அப்பால் கேட்கப்படாமல் போன கேள்வியே காரணம்.

நோலசியைக் குரங்கிடமிருந்து மனிதருக்குச் சுமந்துசெல்லும் லூகோஸ்ஃபைரஸ் குழுக் கொசுக்களையும், காடழிப்பு அவற்றின் வாழ்வை மாற்றிய விதத்தையும் அடுத்த பகுதி ஆராயும்.

(தொடரும்)