அமுக்குவான் வந்த வீடு

"அமுக்குவான்" என்ற சொல்லை நம்மில் நாற்பதைத் தாண்டியவர்கள் கட்டாயம் கேட்டிருப்பீர்கள். தூங்கும்போது நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்து மூச்சை அமுக்குகிற பேய் என்று ஊரில் பாட்டிமார் சொல்வார்கள். மும்பைக்கு வந்த முப்பது வருடங்களில் அந்தச் சொல்லே எனக்கு மறந்து போயிருந்தது. இரண்டு வருடங்களுக்கு முன்னால், முலுண்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கே அது வந்து சேர்ந்தது.

தென்காசிப் பக்கத்திலிருந்து என் தங்கை மகள் வேலைக்காக எங்களிடம் வந்து தங்கினாள். பெயர் வேண்டாம், இதை எழுத அவள் சம்மதித்ததே பெரிது. ஐரோலியில் ஒரு கம்பெனியில் வேலை. வெளிநாட்டுக்காரர்களின் பகல்தான் அவளுக்கு வேலை நேரம் என்பதால் எப்போதும் நைட் ஷிஃப்ட். மாலை ஏழு மணிக்கு வண்டி வந்து அழைத்துப் போகும். காலை ஆறரைக்குக் கொண்டுவந்து விடும். குளித்துச் சாப்பிட்டுப் படுக்க ஒன்பது மணி ஆகிவிடும். அந்த நேரத்தில்தான் நம் வீடுகளில் குக்கர் கூவும், பாத்திரம் தேய்க்க பாயி வருவாள், கூரியர்காரன் மணி அடிப்பான். அவள் எப்படித் தூங்குகிறாள் என்று நானும் அப்போது யோசிக்கவில்லை.

ஒரு நாள் பதினொரு மணி இருக்கும். அவள் அறையிலிருந்து ஈனமாக ஒரு முனகல். கதவைத் திறந்து பார்த்தால், மல்லாந்து கிடக்கிறாள். கண் திறந்திருக்கிறது, உடம்பு அசையவில்லை. பதறிப்போய்த் தோளைத் தொட்டதும் துள்ளி எழுந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

"ஜன்னல் பக்கம் ஒருத்தி கறுப்பா நின்னா பெரியம்மா. அப்படியே வந்து நெஞ்சு மேல உக்காந்துட்டா. உங்களக் கூப்பிடுதேன், சத்தமே வரல."

அதற்கு முன்பும் மூன்று தடவை வந்ததாம். சொன்னால் சிரிப்போம் என்று சொல்லவில்லை. அவள் பயந்தது போலவே ஆயிற்று. "ராத்திரி பூரா பேய்ப்படம் பாக்கிறியா?" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். பக்கத்து ஃபிளாட் அம்மாளோ, அந்த அறையில் முன்பு ஒரு கிழவி இறந்துபோனாள் என்று தன் பங்குக்குச் சொல்லிவைத்தாள். ஒருவர் சிரித்தார், ஒருவர் பயமுறுத்தினார். நடுவில் அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டாள். அறையில் படுக்கப் பயந்து, பகலெல்லாம் ஹாலில் டி.வி. போட்டு உட்கார்ந்திருப்பாள். நானும் துணைக்கு உட்கார்ந்து, தூக்கம் வந்தால் எழுப்பி காபி கலந்து கொடுத்தேன். உதவி செய்வதாகத்தான் நினைத்தேன். ஆனால் வாரம் ஒரு முறை வந்தது, இரண்டு நாளுக்கு ஒரு முறை வர ஆரம்பித்தது.

தங்கைக்கு விஷயம் போயிற்று. "ஆஸ்பத்திரின்னு அலையாத அக்கா. வேலைய விட்டுட்டு ரயிலேத்தி விடு. இங்க ஒருத்தர் மந்திரிக்காரு. ரெண்டு மாசம் அங்கயே தங்க வச்சா சரியாயிரும்" என்றாள். அவள் தம்பியின் காலேஜ் ஃபீஸ் இந்தப் பெண்ணின் சம்பளத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. வேலை போவதைவிட, "தங்க வச்சா" என்ற சொல்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிப் போட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் மாட்டிக்கொண்டார்கள். 28 பேர் இறந்தார்கள். அவர்களையும் வீட்டார் குணமாகட்டும் என்றுதானே கொண்டுவிட்டிருப்பார்கள்?

இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் அப்பாவின் தங்கை, என் அத்தை, பதினெட்டு வயதில் இதே மாதிரி அலறி எழுவாள். வேப்பிலை அடித்தார்கள், தலைமுடியை ஆணியில் சுற்றி மரத்தில் அறைந்தார்கள். "பேய் பிடிச்சவ" என்ற பெயர் நிலைத்துவிட்டது. கடைசிவரை கல்யாணம் ஆகவில்லை.

"பத்து நாள் பொறு" என்று தங்கையிடம் கெஞ்சிவிட்டு, எங்கள் குடும்ப டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் பேயைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் தூங்குகிறாய்?" என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தோம். நாலு மணி நேரம்கூட இல்லை. அதுவும் துண்டு துண்டாக! அவர் எழுதிக் கொடுத்த கடிதத்தோடு ஒரு நரம்பியல் டாக்டரைப் பார்த்தோம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் முதலில் சொன்னது இதுதான்: "நீ பொய் சொல்லவில்லை. உனக்குப் பைத்தியமும் இல்லை." அவள் அங்கேயே அழுதுவிட்டாள்.

பிறகு விளக்கினார். இதற்கு ஆங்கிலத்தில் ஸ்லீப் பராலிசிஸ் என்று பெயர். தூக்க முடக்கம் என்று சொல்லலாம். நம் தூக்கத்தில் கண்கள் இமைக்குள் வேகமாக உருளும் ஒரு கட்டம் உண்டு. 1953-இல் சிகாகோவில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர் இதை எழுதி வெளியிட்டார்கள். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான் வருகின்றன. கனவில் ஓடினால் நாம் நிஜமாகவே எழுந்து ஓடிவிடக் கூடாதல்லவா? அதற்காக மூளை கைகால் தசைகளைத் தற்காலிகமாக முடக்கி வைக்கிறது. கண்ணும், மூச்சுக்கான உதரவிதானமும் மட்டும் வேலை செய்யும். சில சமயம் அந்த முடக்கம் விலகுமுன்னே மனம் விழித்துக்கொள்கிறது. அறை தெரிகிறது, உடம்பு அசையவில்லை, கனவும் முழுக்கக் கலையவில்லை. ஆழமாக மூச்சு இழுக்க முடியாததால் நெஞ்சில் பாரம். பயந்த மூளை அந்தப் பாரத்துக்கு ஓர் ஆளைப் பொருத்திவிடுகிறது. சில விநாடிகளில், மிஞ்சினால் சில நிமிடங்களில், தானே விலகிவிடும். யாராவது தொட்டாலும் விலகும்.

நம் ஊரில் மட்டும் இல்லையாம் இது. ஜப்பானில் இதை கனாஷிபாரி என்கிறார்கள். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் கிழவி வந்து நெஞ்சில் உட்காருவதாகச் சொல்கிறார்கள். தூங்கும் பெண்ணின் மார்பில் ஒரு குட்டிப் பிசாசு உட்கார்ந்திருப்பதாக ஃபியூசெலி என்ற ஓவியர் 1781-இலேயே வரைந்திருக்கிறார். 2011-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி, பொதுமக்களில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்கும், மாணவர்களில் நூற்றுக்கு 28 பேருக்கும் வாழ்நாளில் ஒரு முறையாவது இது வந்திருக்கிறது. தூக்கம் குறைவது, நேரம் மாறி மாறித் தூங்குவது, மனக்கவலை, மல்லாந்து படுப்பது ஆகியவை இதைத் தூண்டுகின்றன. நான் கலந்து கொடுத்த காபியை நினைத்துக்கொண்டேன்.

பகலில் அடக்க முடியாமல் தூக்கம் வந்து விழுகிறாளா, சிரிக்கும்போது முழங்கால் தளர்கிறதா, வலிப்பு உண்டா, முழு விழிப்பில் குரல்கள் கேட்கின்றனவா என்றும் டாக்டர் விசாரித்தார். இவற்றில் ஏதாவது இருந்தால் வேறு நோயாக இருக்கலாம், சோதிக்க வேண்டும் என்றார். இவளுக்கு எதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்து ஏற்பாடுகளை மாற்றினோம். ஜன்னலுக்குக் கனத்த கறுப்புத் திரை போட்டேன். ஒன்பதிலிருந்து நாலு வரை வாசல் மணியின் சுவிட்சை அணைத்துவைத்தோம். பாயி மாலை வர ஒப்புக்கொண்டாள். ஷிஃப்டின் பின்பாதியில் காபி கூடாது. மல்லாந்து படுக்காமலிருக்க, அவள் இரவுச் சட்டையின் முதுகில் ஒரு பை தைத்து அதற்குள் ரப்பர் பந்து ஒன்றைப் போட்டேன். திரும்பினால் பந்து உறுத்தும், ஒருக்களித்துவிடுவாள்! மறுபடி வந்தால் திமிறாமல், மூச்சைக் கவனித்தபடி ஒரு விரல் நுனியை மட்டும் அசைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். தங்கை தபாலில் அனுப்பிய திருநீற்றையும் தலைமாட்டில் வைத்தேன். அது மனதுக்குத் தைரியம். அதை ஏன் மறுக்க வேண்டும்?

அன்று இரவு, வீட்டுக்காரரிடமும் சொல்லாத ஒன்றை அவளிடம் சொன்னேன். என் மூத்தவன் பிறந்த புதிதில் ராத்தூக்கம் இல்லாமல் தவித்தபோது எனக்கும் இரண்டு முறை இப்படி வந்தது. அத்தைக்குக் கிடைத்த பெயர் எனக்கும் வந்துவிடுமோ என்று மூச்சு விடவில்லை. "இத முதல்லயே சொல்லியிருக்கலாம்ல பெரியம்மா?" என்று கேட்டாள். பதில் சொல்ல என்னால் முடியவில்லை.

இரண்டு மாதத்தில் வெகுவாகக் குறைந்தது. அந்தத் தீபாவளியின்போது இரட்டை ஷிஃப்ட் பார்த்துவிட்டு வந்த அன்று ஒரு முறை வந்தது. விரலை அசைத்துத் தானே மீண்டு, சமையலறைக்கு வந்து, "இன்னிக்கு வந்தா பெரியம்மா, போயிட்டா" என்று சொல்லிவிட்டு, ஒரு டம்ளர் பால் வாங்கிக் குடித்துவிட்டு மறுபடி போய்ப் படுத்துக்கொண்டாள். இப்போது பகல் ஷிஃப்டுக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். தம்பி இந்த வருடம் படிப்பை முடிக்கிறான்.

நம் சங்கத்துக் குடும்பங்களில் இரவு வேலைக்கும், விடுதிக்கும், கோச்சிங் வகுப்புக்கும் போகிற பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களில் யாராவது இப்படி வந்து சொன்னால் சிரிக்காதீர்கள், பயமுறுத்தவும் செய்யாதீர்கள். "நீ சொல்வதை நம்புகிறேன்" என்று சொல்லிவிட்டு, தூக்கத்தைப் பற்றிக் கேளுங்கள். பிறகு டாக்டரிடம் அழைத்துப் போங்கள். பயமும் கவலையும் மீறினால், மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இருக்கிறது. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

என் அத்தைக்கு இருந்ததும் இதுதான் என்று இன்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. அவள் நடுராத்திரி வரை சிம்னி வெளிச்சத்தில் பீடி சுற்றுவாள். நாலு மணிக்குத் தண்ணீர் எடுக்க எழுந்துவிடுவாள். எத்தனையோ பேரிடம் அவளைக் கூட்டிப்போனார்கள். எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்று அவளிடம் யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.