வெள்ளிமலையை எப்படி வரைவீர்கள்?

கல்வராயன் மலைமேல் வெள்ளிமலை என்று ஓர் ஊர் இருக்கு. அந்தப் பெயரை எழுத்தே இல்லாமல், படம் மட்டும் போட்டு எழுதச் சொன்னால் என்ன வரைவீர்கள்? ஒருத்தர் வெள்ளிக் கொலுசு வரைந்து பக்கத்தில் ஒரு மலை போடுவார். இன்னொருத்தர் காலண்டரில் வெள்ளிக்கிழமையை வட்டம் போட்டுக் காட்டுவார். மூணாவது ஆள் விடியற்காலை வானத்தில் மின்னுகிற வெள்ளியை வரைவார். மூணும் வேறு வேறு படம். வாய்விட்டுப் படித்தால் மூணும் ஒரே ஊர்தான்.

இதற்கு ரீபஸ் என்று பெயர். தமிழில் படப்புதிர் என்று வைத்துக்கொள்வோம். 'பொருள்களால்' என்று அர்த்தம் வருகிற லத்தீன் சொல் அது. சொல்லை எழுத்தால் எழுதாமல், அந்த ஒலி வருகிற பொருள்களை வரைந்து காட்டுவது. விஜய் டிவியில் ஜெகன் நடத்திய 'கனெக்‌ஷன்' நிகழ்ச்சியில் படங்களைக் கோத்து சினிமாப் பெயர் கண்டுபிடிப்பார்களே, அதே சங்கதிதான். பிரான்சின் பிக்கார்டி பகுதியில் 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் இந்த விளையாட்டு ரொம்பப் பிரபலம். லியொனார்டோ டா வின்சி தாள் நிறைய இப்படிப் படப்புதிர் போட்டு வைத்திருக்கிறார்.

நம்ம மாவட்டம் இதற்கு நல்ல ஆடுகளம். உளுந்தூர்பேட்டைக்கு ஒரு தட்டு உளுந்து வரைந்தாலே பாதி வேலை முடிந்தது. மணிமுத்தாற்றுக்கு ஒரு மணி, ஒரு முத்து, பக்கத்தில் 6 என்ற எண். ஆற்றை வரையத் தேவையில்லை, எண்ணே ஆறாகிவிடும். மூங்கில்துறைப்பட்டுக்கு மூங்கில், படித்துறை, பட்டுச்சேலை. ஊர்ப்பெயரில் வருகிற 'பட்டு'க்கும் சேலைக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் காதுக்கு ரெண்டும் ஒண்ணு. பொருளை விட்டுவிட்டு ஒலியை மட்டும் எடுத்துக்கொள்கிற இந்த இடம்தான் படப்புதிரின் உயிர்.

விளையாட்டு மாதிரி தெரிந்தாலும், மனிதன் எழுதக் கற்றுக்கொண்ட கதையில் பெரிய திருப்பமே இதுதான். மாட்டை வரைந்தால் மாடு, கதிரை வரைந்தால் கதிர். இதுவரைக்கும் சுலபம். 'உயிர்', 'வாழ்வு' என்பதையெல்லாம் எப்படி வரைவது? சுமேரியர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அவர்கள் மொழியில் அம்புக்கு 'தி' என்று பெயர். உயிர் என்பதற்கும் 'தி' என்றுதான் சொல். அதனால் அம்பை வரைந்து உயிர் என்று படித்தார்கள். அங்கேதான் படம் எழுத்தாக மாறத் தொடங்குகிறது.

எகிப்தில் இன்னும் தெளிவான சாட்சி இருக்கு. சுமார் 5,100 வருஷத்துக்கு முந்தைய நார்மர் கற்பலகையில் அரசன் பெயர் இருக்க வேண்டிய கட்டத்துக்குள் ரெண்டே படம்: ஒரு கெளுத்தி மீன், ஒரு உளி. பழைய எகிப்திய மொழியில் கெளுத்தி 'நார்', உளி 'மெர்'. சேர்த்தால் நார்மர், அரசன் பெயர்.

இப்போ அதே ரெண்டு படத்தைத் தமிழில் படித்துப் பாருங்க. கெளுத்தியுளி. மீனுளி. ஒண்ணும் தேறவில்லை. படம் யாருக்கும் புரியும், மொழி தேவையில்லை என்று நாம் நினைக்கிறோம். படப்புதிர் அதற்கு நேர் எதிர். அது எந்த மொழியில் பூட்டப்பட்டதோ அந்த மொழியில்தான் திறக்கும். கல்வராயன் மலையடிவாரத்தில் இருக்கிற கோமுகி அணையையே எடுத்துக்கொள்ளுங்க. பசுவின் முகத்தை வரைந்து காட்டினால் நம்ம பிள்ளைகள் 'மாட்டு மூஞ்சி' என்றுதான் சொல்லும். 'கோ' பசு, 'முகம்' என்று சமஸ்கிருதத்தில் பிரிக்கத் தெரிந்தவருக்குத்தான் கோமுகி வரும்.

ஒரே மொழிக்குள்ளேயும் பூட்டு உண்டு. ஒரு மலையும் ஒரு ஆளும் வரைந்து 'மலையாளி' என்று படித்தால், சென்னையில் இருப்பவருக்குக் கேரளத்துக்காரர் ஞாபகம் வரும். கல்வராயன் மலையில் அது அந்த மலையில் வாழ்கிற பழங்குடி மக்களின் பெயர். எங்கே நின்று படிக்கிறோம் என்பதும் விடையை மாற்றும்.

காலம் போடுகிற பூட்டு இன்னொன்று. பழைய தமிழ் எண் முறையில் 'அ' என்ற எழுத்து எட்டு, 'வ' என்ற எழுத்து கால். எட்டையும் காலையும் அடுத்தடுத்துச் சொன்னால் 'அவ' என்று வரும். இதை வைத்து ஔவையார் கம்பரைக் கிண்டல் செய்ததாக ஒரு தனிப்பாடல் கதை வழங்குகிறது. அந்தக் காலத்தில் கேட்டவுடன் சிரித்திருப்பார்கள். இன்றைக்குத் தமிழ் எண்களை யாரும் பழக்கத்தில் வைத்திருக்கவில்லை, அதனால் உரை சொன்னால்தான் சிரிப்பு வரும். புதிர் அப்படியே இருக்கு, சாவிதான் கைநழுவிப் போச்சு.

சாவி தொலைந்த பூட்டுகளில் பெரியது சிந்துவெளி முத்திரைகள். 1924 செப்டம்பரில் ஜான் மார்ஷல் அந்த நாகரிகத்தை உலகுக்கு அறிவித்து நூறு வருஷம் தாண்டிவிட்டது. எழுத்து இன்னும் படிக்கப்படவில்லை. அதில் திரும்பத் திரும்ப வருகிற குறிகளில் ஒன்று மீன். தமிழில் மீன் என்றால் தண்ணீரில் நீந்துவதும் மீன், வானத்தில் மின்னுவதும் மீன். இந்த இரட்டைப் பொருளை வைத்து முதலில் வழி காட்டியவர் பம்பாயில் பணியாற்றிய ஸ்பானியப் பாதிரியார் ஹென்றி ஹெராஸ். அதை முறைப்படி வளர்த்தவர் பின்லாந்து அறிஞர் அஸ்கோ பர்ப்போலா. மீனுக்கு முன்னால் ஆறு கோடு இருந்தால் அறுமீன், அதாவது கார்த்திகை. ஏழு கோடு இருந்தால் எழுமீன், சப்தரிஷி மண்டலம். ஆலமர வகைக் குறியோடு மீன் வந்தால் வடமீன், அருந்ததி. ஆலுக்கு வடம் என்று ஒரு பெயர் இருப்பதால் இந்தக் கணக்கு.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. அறுமீன், எழுமீன், வடமீன் ஆகியவை பர்ப்போலா தன் வசதிக்காக உண்டாக்கிய சொற்கள் இல்லை. சங்க இலக்கியத்தில் ஏற்கெனவே இருக்கிற சொற்கள். ஒரே ஒரு யூகம் (மீன் = விண்மீன்) எடுத்துக்கொண்டு, அது அடுத்தடுத்த சேர்க்கைகளிலும் பொருந்துகிறதா என்று பார்க்கிறார். அதனால்தான் அவர் வேலைக்கு மரியாதை. அப்படியும் அது நிரூபணம் ஆகிவிடவில்லை. ஆறு கோடு போட்டு மீன் வரைந்தால் வெறுமனே 'ஆறு மீன்' என்று ஒரு கணக்காகவும் இருக்கலாமே என்று கேட்டால், அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. 2004-இல் ஃபார்மர், ஸ்ப்ரோட், விட்சல் மூவரும் இது மொழியைப் பதிவு செய்யும் எழுத்தே இல்லை என்று கட்டுரை எழுதினார்கள். 2009-இல் ராஜேஷ் ராவும் ஐராவதம் மகாதேவன் உள்ளிட்ட குழுவினரும், குறிகள் அடுத்தடுத்து வரும் ஒழுங்கைக் கணினியில் அளந்து, அது மொழிகளின் ஒழுங்கை ஒத்திருக்கிறது என்று 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். விவாதம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். எனக்கு இந்த விஷயத்தில் முதலில் கண்ணில் படுவது கணக்கு. சிந்துவெளி வாசகங்களின் சராசரி நீளம் சுமார் ஐந்து குறிகள். ஒரு படத்தைத் தமிழில் ஐந்து விதமாகப் பெயர் சொல்லலாம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மனித உருவத்தை ஆள், ஆண், மகன், காவலன், வேலன் என்று எப்படியும் சொல்லலாம். ஐந்து படத்துக்கு 5×5×5×5×5 = 3,125 வாசிப்புகள். கூடவே பழந்தமிழ்ச் சொல், வட்டார வழக்கு, சமஸ்கிருதம், அதோடு 'இந்த எழுத்து திரிந்து அந்த எழுத்தானது' என்ற சலுகையும் சேர்த்துப் படத்துக்குப் பத்து பெயர் என்று வைத்தால் 1,00,000 வாசிப்புகள். இவ்வளவில் அர்த்தமுள்ள ஒரு வாக்கியம் அகப்படாமல் போனால்தான் ஆச்சரியம். ஒரு ரகசியக் குறியீட்டை ஒரே ஒரு விதமாகத்தான் உடைக்க முடியும் என்று சொல்ல, போதுமான நீளத்துக்கு வாசகம் வேண்டும் என்று கிளாட் ஷானன் 1949-லேயே கணிதமாக எழுதிவிட்டார். ஐந்து குறி அதற்குப் பத்தாது.

ஆக, 'எனக்குப் பொருள் வந்துவிட்டது' என்பது ஆதாரம் ஆகாது. அப்போ எது ஆதாரம்? இதற்குப் பதில் நம்ம ஊர்ப்பக்கமே இருக்கு.

திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பை என்ற ஊரில் ஒரு தமிழி கல்வெட்டு 1981-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த குகைத் தானத்தைச் சொல்கிற ஒரு வரிதான். ஆனால் அதில் அவனுக்கு முன்னொட்டாக 'சதியபுதோ' என்று இருக்கு. அசோகர் தன் கல்வெட்டில் சோழர், பாண்டியர், சேரரோடு 'சதியபுத்திரர்' என்று ஒரு கூட்டத்தைச் சொல்கிறார். அது யார் என்று அறிஞர்கள் வெகுகாலம் அடித்துக்கொண்டார்கள். ஜம்பைப் பாறை சொன்னது: அதியமான்கள்தான். வடக்கே ஒரு சாட்சி, தெற்கே ஒரு சாட்சி, சங்கப் பாடல்களில் மூணாவது சாட்சி. ஒன்றையொன்று பார்த்து எழுதாத மூணு இடங்கள் ஒரே பெயரில் வந்து நிற்கின்றன. ஆதாரம் என்றால் அது.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு உதாரணம். திருக்கோவிலூரை ஆண்ட மலையமான்களின் சங்ககாலக் காசுகளை இரா. கிருஷ்ணமூர்த்தி அடையாளம் கண்டு எழுதியிருக்கிறார். அவற்றில் குதிரை உருவம் வரும். மலையமான் திருமுடிக்காரியின் குதிரைக்கும் காரி என்றே பெயர் என்று சிறுபாணாற்றுப்படை சொல்கிறது. அப்படியானால் காசில் இருக்கிற குதிரை 'காரி' என்று அரசன் பெயரைச் சொல்கிற படப்புதிரா? எனக்கு ஆசையாகத்தான் இருக்கு. ஆனால் குதிரை எந்த அரசனுக்கும் பொருந்துகிற பெருமைச் சின்னம். குதிரை பொறித்த காசிலேயே 'காரி' என்று எழுத்திலும் இருந்தால்தான் அந்த ஆசைக்குக் கால் முளைக்கும். அதுவரை அது அழகான யூகம், அவ்வளவுதான்.

இதையெல்லாம் இப்போ எழுதுவதற்குக் காரணம் இருக்கு. 2025 ஜனவரியில், சிந்துவெளி எழுத்துப் புதிரை விடுவிப்பவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று முதல்வர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். தமிழ்நாட்டுப் பானை ஓட்டுக் கீறல்களையும் சிந்துவெளிக் குறிகளையும் வடிவ அடிப்படையில் ஒப்பிட்ட தொல்லியல் துறை ஆய்வும் அப்போதே வெளிவந்தது. அது உருவ ஒற்றுமை பற்றிய பொறுமையான வேலை, 'படித்துவிட்டோம்' என்று சொல்கிற வேலை இல்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் வருவது வேறு. விழுப்புரம் பக்கம் கீழ்வாலைப் பாறையில் இருக்கிற செஞ்சாந்து ஓவியங்களில் சில குறிகளைச் சிந்துவெளிக் குறிகளோடு ஒப்பிடுகிறவர்கள் உண்டு. அதிலிருந்து ஒரே தாவலில் முழு வாக்கியமே படித்துக் காட்டுகிறார்கள். இந்த வேகத்தால் கெடுவது நம்ம பக்கத்து நியாயம்தான். சிந்துவெளி மொழி திராவிட மொழியாக இருக்கலாம் என்பது பல அறிஞர்கள் கவனமாகக் கட்டிய வாதம். அதற்குப் பக்கத்தில் நூறு அரைகுறை வாசிப்பு குவிந்தால், வெளியே இருந்து பார்ப்பவர் நூற்றொன்றாகத்தான் எண்ணுவார்.

அதனால் யாராவது ஒரு படக்குறியைப் 'படித்து' அனுப்பினால் நான் மூணு கேள்வி கேட்கிறேன். நீங்களும் கேட்டுப் பாருங்க. ஒரு படத்துக்குக் கொடுத்த ஒலியையே அது வருகிற எல்லா இடத்திலும் கொடுத்திருக்கிறாரா, இல்லை இடத்துக்கு இடம் மாற்றுகிறாரா? விடையாக வருகிற சொல் வேறு எங்காவது ஏற்கெனவே பதிவாகி இருக்கா? இதே சலுகைகளோடு தெலுங்கிலோ சமஸ்கிருதத்திலோ படித்தால் அங்கேயும் அர்த்தம் வருமா? மூணாவது கேள்விக்கு 'வரும்' என்றால், அவர் திறந்தது பூட்டை இல்லை.

பள்ளிக்கூட ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளைத் தங்கள் ஊர்ப்பெயரைப் படமாக வரையச் சொல்லுங்க. பிறகு தாளை வேறு ஊர்ப் பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்க. கரியாலூருக்குக் கரித்துண்டு வரைகிற பிள்ளையும் இருக்கும், யானை வரைகிற பிள்ளையும் இருக்கும், ரெண்டுமே 'கரி' தானே. எதிரே இருக்கிற பிள்ளை அதை எத்தனை விதமாகத் தப்பாகப் படிக்கிறது என்று எண்ணிப் பார்த்தாலே, ஐந்து குறி முத்திரையைப் படிப்பது எவ்வளவு கஷ்டம் என்று வகுப்புக்கே புரிந்துவிடும்.