காதுக்குள் ஒரு டிரான்ஸ்டியூசர்

"நீ பேசுறது காதுல விழுதுடா மாப்ளே, என்ன சொல்றேன்னுதான் புரியல!" என்பார் என் தாய்மாமா. இருபது வருடமாகத் தகரப் பட்டறையில் சுத்தியல் பிடிப்பவர். முதலில் நானும் சிரித்தேன். டிரான்ஸ்டியூசர் பாடம் படித்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

நண்பர்களே, ஒருவகை ஆற்றலை இன்னொரு வகையாக மாற்றுவதுதானே டிரான்ஸ்டியூசர்? நம் காதும் அதேதான். ஒலி அலை செவிப்பறையை அதிர வைக்கிறது. மூன்று சிறு எலும்புகள் அந்த அதிர்வை, நத்தை ஓடு மாதிரி சுருண்டிருக்கும் காக்ளியாவுக்குக் கடத்துகின்றன. உள்ளே இருக்கும் திரவம் அசைகிறது. மயிர்ச்செல்களின் உச்சியிலுள்ள நுண்மயிர்கள் சாய்கின்றன. உடனே அயனி வாசல்கள் திறந்து பொட்டாசியம் அயனிகள் உள்ளே பாய, செல்லின் மின்னழுத்தம் மாறுகிறது. செல் ஒரு ரசாயனத்தைச் சுரக்க, செவி நரம்பில் மின்துடிப்பு கிளம்புகிறது. இதுவரை நடந்தது வெறும் சிக்னல். 'இது அம்மா குரல், இது பஸ் ஹாரன்' என்று பிரித்தறிவது மூளை.

காக்ளியாவின் வாசல் பக்கம் உயர் அதிர்வெண்ணுக்கு, நுனி தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு. காக்ளியாவில் அலை ஓடும் விதத்தைக் கண்டறிந்து 1961-ல் நோபல் பரிசு வாங்கிய பெகேஷி, ஹங்கேரியில் டெலிபோன் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். கிட்டத்தட்ட நம்ம ஆளுதான்!

ஒரு காதில் மயிர்ச்செல்கள் சுமார் 15,000 மட்டுமே. பலத்த சத்தத்தில் செத்துப்போனால் மறுபடி முளைக்காது. பெரும்பாலும் முதலில் அடிபடுவது 4,000 ஹெர்ட்ஸ் பக்கம். 'ச', 'ஸ' போன்ற மெய்யொலிகளைக் காட்டிக்கொடுப்பது உயர் அதிர்வெண்கள்தான். அவை போய்விட்டால் உயிரொலி கேட்கும், மெய்யொலி நழுவும். மூளைக்குப் பாதிச் செய்திதான் போய்ச் சேரும். மாமாவின் கதை இதுதான். கத்திப் பேசினாலும் தீராது.

85 டெசிபெல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் எல்லை என்கிறது அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 100 டெசிபெல்லில் வெறும் 15 நிமிடம்!

ஷீட் மெட்டல் ஷாப் முடிந்து வரும்போது காதில் 'ங்ஙொய்'னு கேட்டா, அதை விளையாட்டா எடுத்துக்காதீங்க. பஞ்சு போதாது, இயர் பிளக்தான் வேணும். நான் இரண்டு ஜோடி வாங்கிவிட்டேன். ஒன்று எனக்கு. இன்னொன்று மாமாவுக்கு. அவர் இன்னும் பட்டறைக்குப் போகிறார். மிச்சமிருக்கும் செல்களாவது தப்பட்டுமே!