கட்டடத் திருத்தமும் ஒப்பந்தகாரரும்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளுக்கும் நம் முன்னோர் ஞாயிற்றை நோக்கியே பெயரிட்டனர். கதிர் எழும் பக்கம் எழுவான்கரை. கதிர் படும் பக்கம் படுவான்கரை. மண்டூர் படுவான்கரையைச் சேர்ந்தது. ஆனி ஆடி மாதங்களிற் கச்சான் வீசத் தொடங்கியதும் பிற்பகல் வெயில் மேற்குச் சுவரில் ஏறிநின்று, இரவு நெடுநேரம்வரை அச்சுவரை ஆறவிடாது செய்தலை அங்கு வாழ்ந்தோர் யாவரும் அறிவர். மண்சுவரும் கிடுகுக் கூரையும் தாழ்ந்த இறப்பும் உடைய பழைய வீடுகள் இவ்வெப்பத்தை ஒருவாறு தடுத்தன. அவற்றினிடத்தில் எழுந்த கல்வீடுகளும் மண்டபங்களும் உறுதியிற் சிறந்தனவாயினும், சீற்றுக் கூரையின்கீழ் மின்விசிறி சுழலாது இருத்தல் அரிதாயிற்று.

மின்விசிறி சுழன்றால் மின்மானியும் சுழலும். 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 விழுக்காடும், 2023 பெப்ருவரியில் மேலும் 66 விழுக்காடும் உயர்த்தப்பட்டமை நாடறிந்தது. பின்னர் அக்கட்டணம் ஏறியும் இறங்கியும் வந்துள்ளதேனும், பாடசாலைகளும் ஆலய மடங்களும் பொதுமண்டபங்களும் அவ்வதிர்ச்சியை எளிதில் மறக்கவில்லை. இதன் பயனாக, பழைய மாணவர் சங்கங்கள் முன்னாளிற் போலப் புதுக் கட்டடம் எழுப்புவதோடு அமையாது, இருக்கும் கட்டடங்களிற் சூரியத்தகடு பொருத்தவும், மழைநீர்த் தாங்கி கட்டவும், விளக்குகளையும் குழாய்களையும் மாற்றவும் பணம் திரட்டுகின்றன. அப்பணத்திற் பெரும்பகுதி கடல்கடந்து உழைப்போர் அனுப்புவது. அதனை ஓர் ஒப்பந்தகாரரிடம் ஒப்படைக்கும்போது கைக்கொள்ள வேண்டிய முறைகளை இங்கே எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

புதுக் கட்டடத்துக்கும் இவ்வகைத் திருத்தத்துக்கும் ஒரு பெரும் வேற்றுமை உண்டு. மண்டபம் ஒன்றைக் கட்டித் தருவதாக ஒருவர் உடன்பட்டால், முடிவில் மண்டபம் கண்முன் நிற்கும். நில்லாதாயின் அதுவும் தெரியும். மின்னும் நீரும் மிச்சமாகும் என்று ஒருவர் உடன்படின், அந்த மிச்சத்தைக் கண்ணாற் காண முடியாது. முன்பு எவ்வளவு செலவாயிற்று, இப்பொழுது எவ்வளவு செலவாகின்றது என்னும் இரண்டு எண்களின் வித்தியாசமே அது. முதல் எண்ணை எழுதிவைக்காதவரிடம் இரண்டாம் எண் பயனற்றது. திறப்புவிழாவிற்கு மாலை கட்டிய தாங்கியும் தகடும் ஈராண்டு கழிந்தபின் எவ்வளவு பயன் தந்தன என்று வினவினால், விடைகூற வல்லார் ஒருவரும் இல்லாத நிலை பல இடங்களில் நேர்வது இக்காரணம் பற்றியேயாம்.

இவ்வுண்மையை இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே நன்குணர்ந்த இருவர் இங்கிலாந்தில் இருந்தனர். நீராவி இயந்திரத்தைச் சீர்படுத்திய ஜேம்ஸ் உவாற்று ஒருவர். அவருடைய பங்காளி மத்தியூ போல்ற்றன் மற்றொருவர். கோண்வால் நாட்டுச் சுரங்கங்களில் நீரிறைப்பதற்கு நியூகொமன் என்பாரின் பழைய இயந்திரங்கள் வழங்கின. நிலக்கரி அங்கே கிடையாது. கடல்வழி வரவேண்டியிருந்தமையின் விலை மிக்கது. புதிய இயந்திரம் அமைக்கும் செலவுகளைச் சுரங்கத்தாரே ஏற்க, பழைய இயந்திரம் அதே வேலைக்கு எரித்திருக்கக்கூடிய கரிக்கும் புதியது எரித்த கரிக்குமிடையேயுள்ள மிச்சத்தின் பெறுமதியில் மூன்றிலொரு பங்கை மட்டும் உரிமைப்பணமாகத் தருக என்று அவ்விருவரும் கேட்டனர். இதற்காகப் பழைய இயந்திரம் உண்ட கரி முதலில் அளந்து பதியப்பட்டது. புதிய இயந்திரத்தின் வீச்சுக்களை எண்ணும் கருவியொன்று பூட்டிய பெட்டிக்குள் வைக்கப்பட்டது. இவ்வளவு செய்தும் சுரங்கத்தார் சிலர் பணங்கொடாது வழக்காடினர் என்பது வேறு கதை. உவாற்றின் பெயரே இன்று மின்வலுவின் அலகாக நம் ஒவ்வொரு மின்குமிழிலும் எழுதப்பட்டிருக்கின்றது. அவர் பூட்டி வைத்த பெட்டியை நாம் மறந்துவிட்டோம்.

ஆகவே ஒப்பந்தகாரரைத் தேடுமுன் ஒரு கொப்பியைத் தேடுக. கடந்த பன்னிரண்டு மாத மின்பட்டியல்களை எடுத்து, மாதந்தோறும் செலவான அலகுகளை அதில் எழுதுக. ரூபாயை மட்டும் எழுதினாற் பயனில்லை; கட்டணம் மாறும், அலகு மாறாது. நீருக்கும் இவ்வாறே செய்க. நீர்மானி உள்ள இடத்தில் இரவிற் குழாய்களையெல்லாம் பூட்டிவிட்டு மானியைப் பார்த்துக்கொண்டு, விடியலில் மறுபடி பார்த்தால் ஒழுக்கு எவ்வளவு என்பது தெரியும். கிணற்றுநீர் வழங்கும் இடமாயின், மேல்தாங்கியின் நீர்மட்டத்தை இரவும் காலையும் கோலிட்டு அளந்தாற் போதும். இவ்வேலைக்குப் பொறியியலாளர் வேண்டா. உயர்வகுப்பு மாணவர் இருவர் போதும். அவர்களுக்கு இது நல்லதொரு பௌதிகப் பாடமுமாகும்.

அடுத்து, வேலையின் ஒழுங்கு. பல குழுக்கள் முதலிற் சூரியத்தகட்டை நாடுகின்றன; அது கூரையில் நின்று பளபளப்பது காரணமாகலாம். செலவைக் குறைத்தபின் ஆக்கத்தை நாடுவதே முறை. ஒரு மண்டபத்தில் 75 உவாற்று மின்விசிறிகள் பத்து, நாளொன்றுக்கு எட்டு மணிநேரம், மாதத்தில் 25 நாள் சுழலுமாயின் 150 அலகு செலவாகும். அவற்றினிடத்தில் 35 உவாற்று அளவினவான புதுவகை விசிறிகளைப் பொருத்தினால் 70 அலகே செல்லும். மிஞ்சுவன 80 அலகு. ஒரு கிலோவாற்றுச் சூரியத்தகடு நம் நாட்டில் நாளொன்றுக்கு மூன்றரை முதல் நான்கு அலகு வரை ஆக்கும் எனக் கொண்டால், விசிறிகளை மாற்றியமையாலேயே முக்காற் கிலோவாற்றுத் தகட்டின் தேவை அற்றுப்போகின்றது. தகடு விற்பவர் இக்கணக்கைத் தாமாகச் சொல்லுவார் என்று எதிர்பார்த்தல் கூடாது; அவர் விற்பது தகடு.

இன்னுமொன்று கேட்டுத் தெளிய வேண்டும். மின்கலம் இன்றிப் பொது மின்வலையோடு மட்டும் இணைக்கப்பட்ட சாதாரண அமைப்பு, வலையில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலைசெய்யும் ஊழியரின் உயிரைக் காப்பதற்காக அது அவ்வாறு அமைக்கப்படுகின்றது. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு நேர்ந்தபோது, கூரையிலே தகடும் கீழே இருளுமாய் இருந்த வீடுகள் சிலவல்ல. எனவே இருட்டில் விளக்கெரிய வேண்டுமா, பட்டியல் குறைந்தாற் போதுமா என்பதைக் குழு முதலில் முடிவுசெய்து ஒப்பந்தத்தில் எழுதுதல் வேண்டும்.

கூரையைப்பற்றிச் சிறிது விரித்துக் கூறுதல் தகும். 1978 நவம்பர் 23 ஆந் திகதி சூறாவளியை அனுபவித்த மாவட்டத்தில், கூரைமேல் ஒன்றைப் பொருத்துமுன் காற்றை நினைத்தல் வேண்டும். தகட்டின் சட்டம் சீற்றில் மட்டும் ஆணியடிக்கப்படாது, அதன்கீழுள்ள மரத்திலோ இரும்பிலோ முறுக்காணியாற் பிணிக்கப்படவேண்டும். தகடு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 12 கிலோகிராம் நிறையுடையது. அதைத் தாங்குமா என்று முதலிற் பார்க்கவேண்டியவர் தகட்டுக்காரரல்லர். வளையையும் சலாகையையும் அறிந்த ஓடாவியே. பழைய கூரை அஸ்பெஸ்தோசுச் சீற்றாயின் அதனை உலர்ந்த நிலையில் அரிதலும் துளைத்தலும் ஆகா. அத்தூசு நுரையீரலுக்குப் பெருந்தீங்கு செய்வது. பிள்ளைகள் பயிலும் இடத்தில் அவ்வேலையை விடுமுறைக் காலத்தில், நனைத்து, தூசு பறவாத வகையிற் செய்ய வேண்டுமென எழுதிக்கொள்க. மேற்குச் சுவருக்கு ஒரு தாழ்வாரமோ, நிழல்மர வரிசையோ அமைப்பதும், கூரைக்கு வெள்ளைப் பூச்சிடுவதும் மலிவான மருந்துகள். அவற்றை விலைமனுவிற் சேர்க்க ஒப்பந்தகாரர் பலர் விரும்புவதில்லை, அதில் இலாபம் சிறிதாகலின்.

நீருக்கு வருவோம். நமது மாவட்டத்தில் ஆண்டுதோறும் 1600 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கின்றது. அதில் பாதிக்கு மேற்பட்டது கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்றோடு வருவது. ஒரு சதுர மீற்றர்க் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை விழின் ஒரு லீற்றர் நீர். 40 சதுர மீற்றர்க் கூரையுள்ள சிறு வீடு, ஐந்திலொரு பங்கு வீணாகுமெனக் கழித்தாலும், 160 மில்லிமீற்றர் மழையில் 5000 லீற்றரைச் சேர்த்துவிடும். மாரி தொடங்கிய சில கிழமைகளிலேயே அவ்வளவு பெய்துவிடுவது வழக்கம். ஆகவே குறை மழையிலன்று, தாங்கியில்.

நம் நாட்டிற் பரவியுள்ள பெரோசீமெந்துத் தாங்கி பெரும்பாலும் 5000 லீற்றர் கொள்வது. ஐவருள்ள குடும்பம் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஐந்து லீற்றர் எடுத்தால் நாளுக்கு 25 லீற்றர். பங்குனி தொடங்கிப் புரட்டாதி வரை 200 நாளைக்கு அத்தாங்கி போதும். வீட்டுக்கு அது நன்கு பொருந்தும் அளவு. அதே தாங்கியை 300 பிள்ளைகள் கற்கும் பாடசாலையில் வைத்து, ஆளுக்கு ஒரு லீற்றர் மட்டும் கொடுத்தாலும் பதினேழாம் நாள் அது வறண்டுவிடும். ஆலய மடங்களின் நிலை இதனினும் வேறு. மண்டூர்க் கந்தனின் ஆவணித் திருவிழாவிற்கு அடியார் திரள்வது கோடையின் கடைசியில். நீர் மிகக் குறைந்த காலத்தில் தேவை மிகக் கூடுகின்றது. வீட்டுத் தாங்கியின் படத்தையே பாடசாலைக்கும் மடத்துக்கும் நீட்டும் ஒப்பந்தகாரர் கணக்குப் பார்க்கவில்லை என்பது அப்போதே தெரியும்.

தமிழ்நாட்டில் 2003 ஆம் ஆண்டு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. நல்ல சட்டம், நன்மையும் விளைந்தது. எனினும் குறித்த நாளுக்குள் முடிக்கவேண்டுமென்ற அவசரத்திற் பெயரளவிற் குழி தோண்டிக் குழாய் நட்ட இடங்களும், பின்னர் வண்டல் படிந்து தூர்ந்த இடங்களும் பல. 2019 கோடையிற் சென்னையின் ஏரிகள் வறண்டபோது அவற்றைத் திரும்பத் தேடிப் பார்க்கவேண்டியதாயிற்று. அமைப்பு இருந்தது, அதனைப் பேணுவோர் இல்லை.

பேணுதல் பற்றி ஒப்பந்தம் எழுதும்போதே பேசவேண்டும். முதல் மழையைத் தாங்கிக்குள் விடாது வெளியேற்றும் குழாய், நுளம்பு புகாத வலை, பீலியைத் துப்புரவாக்க ஏணி வைக்கும் இடம் ஆகியன அளவுப் பட்டியலில் தனித்தனி வரியாக வருதல் நன்று. குழாயின் விட்டத்தையும் கேட்க. விட்டம் பாதியானால், அதே அளவு நீரை அனுப்புவதில் உராய்வினால் வரும் இழப்பு ஏறத்தாழ முப்பத்திரண்டு மடங்காகும். மெல்லிய குழாய் வைத்து மிச்சம்பிடித்த பணத்தை, பெரிய மோட்டர் ஆண்டுதோறும் தின்றுவிடும்.

ஒப்பந்தகாரரைத் தெரிவுசெய்கையில், 2014 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையிற் பதிவும் தரமும் உள்ளனவா என்று பார்த்தல் முதற்படி. மின்சேமிப்புப்பற்றிய ஆலோசனைக்கு 2007 இல் நிறுவப்பட்ட இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபையை அணுகலாம். ஆனாற் பதிவுத்தாள் ஒன்றே போதாது. அவர் மூன்றாண்டுக்கு முன் செய்த வேலையை நேரிற் சென்று பார்த்து, அங்குள்ள காவலாளியிடமோ சமையற்காரியிடமோ விசாரிக்க. தலைவரிடம் விசாரித்தால் திறப்புவிழாவின் கதையே கிடைக்கும். மூவரிடம் விலைமனுப் பெறும்போது மூவருக்கும் ஒரே அளவுப் பட்டியலைக் கொடுக்கவேண்டும். இல்லையேல் மிகக் குறைந்த விலை என்பது மிகக் குறைந்த வேலையாகவும் இருக்கலாம்.

ஊர் மேசனா, நகரத்து நிறுவனமா என்ற வினாவும் எழும். வாவிக்கு அப்பாலிருந்து பாதையேறி வந்து வேலைசெய்து போனவர், ஒரு பீலி ஒழுகுவதற்காகத் திரும்ப வருவாரோ என்பது நியாயமான ஐயம். நமது கருத்து யாதெனில், மின்வேலையைத் தகுதிபெற்றவரிடமும், தாங்கி, கூரை, குழாய் வேலைகளைப் பக்கத்து ஊர்க் கைவினைஞரிடமும் பிரித்துக் கொடுத்தல் சாலும் என்பதே. பிரித்தால் ஒருவர்மேல் ஒருவர் பழிபோடுவர் என்பாருமுளர். அதுவும் உண்மையே; ஆதலின் எந்த இணைப்பு யாருடைய பொறுப்பு என்பதை வரைபடத்திலேயே குறித்தல் வேண்டும். பழுது அறிவித்த எத்தனை நாளுள் வருவார் என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

இறுதியாகப் பணம். முற்பணமாக ஒரு பகுதி, வேலை நடக்க நடக்க அளந்து ஒரு பகுதி எனக் கொடுத்து, ஒவ்வொரு கொடுப்பனவிலும் பத்திலொரு பங்கைப் பிடித்துவைத்தல் கட்டடத் தொழிலில் வழங்கிவரும் முறை. அதிற் பாதியை வேலை முடிந்ததும் மீதியைக் குறைதீர் காலம் கழிந்ததும் விடுவிப்பர். இவ்வகை வேலைக்கு அக்காலம் பன்னிரண்டு மாதத்திற் குறையலாகாது. பீலியின் ஒழுக்கு மாரியில் மட்டுமே தெரியும். தாங்கியின் வெடிப்பும் மோட்டரின் வலிமையும் கோடையில் மட்டுமே தெரியும். ஆறுமாதத்திற் பணத்தை விடுவிப்பவர் ஒன்றைப் பாராமலே விடுவிக்கின்றார். புரட்டாதியில் முடிந்த வேலைக்கு அடுத்த புரட்டாதி வரை அப்பணம் வங்கியில் இருக்கட்டும். அன்று குழுவினரும் ஒப்பந்தகாரரும் ஒரே மேசையில் அமர்ந்து, மாணவர் எழுதிய கொப்பியில் முன்னைய பன்னிரண்டு மாதத்தையும் பின்னைய பன்னிரண்டு மாதத்தையும் பக்கத்திற் பக்கம் வைத்து ஒப்பிட்டு, உடன்பட்ட அலகுகள் குறைந்திருக்கக் கண்டால் எஞ்சிய பணத்தை அன்றே கொடுத்துவிடலாம்.