சூரியத் தகடும் கூரைப் பிணிப்பும்

ஞாயிற்றொளியை நேரே மின்னாக மாற்றுஞ் சிலிக்கன் கலம், 1954ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே சப்பின், புல்லர், பியர்சன் என்னும் மூவரால் ஆக்கப்பெற்றது. தன்மீது வீழ்ந்த ஒளியாற்றலில் ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு பங்கையே அன்று அது மின்னாக்கிற்று. இன்று வீட்டுக் கூரைகளில் ஏற்றப்படுந் தகடுகள் நூற்றுக்கு இருபது பங்கிற்கு மேலும் ஆக்கவல்லன. இவ்வளர்ச்சியை வியந்து எழுதுவோர் பலர். அத்தகட்டைக் கூரையோடு பிணித்து வைக்குங் கொளுக்கி, சட்டம், கௌவி, திருகாணி என்பவற்றைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலரே. கலத்தின் தொழில் ஆய்வுகூடத்திற் பிறந்தது. பிணிப்பின் தொழிலோ தச்சனும் கொல்லனும் அறிந்த பழந்தொழில். ஆகையால் அதில் ஆராய வேண்டுவது யாதுமில்லை என எண்ணுதல் இயல்பு. அவ்வெண்ணம் பொருந்தாது என்பதை இக்கட்டுரையிற் காட்ட முயல்வோம்.

இலங்கையில் ‘சூரிய பல சங்கிராமய’ என்னுந் திட்டம் 2016ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் தொடங்கப்பெற்ற பின்னர், கூரைமேற் சூரிய மின்னாக்கம் பரவலாயிற்று. இல்லத்தார் வங்கியிற் கடன்பெற்றுத் தகடுகளை ஏற்றுகின்றனர். தகடு செய்வோர் பெரும்பாலும் 25 ஆண்டுகளுக்கு மின்வலு உத்தரவாதம் அளிக்கின்றனர். அத்துணைக் காலமும் அத்தகடு கூரையிற் கிடத்தல் வேண்டும். ஆயினும் விலைக்கூற்றினை எடுத்து நோக்குவோமாயின், எத்தனை கிலோவாற்று, எந்நாட்டுத் தகடு, எவ்வளவு பணம் என்பனவே விரிவாக எழுதப்பட்டிருக்கும். பிணிப்புறுப்புக்கள் ‘பொருத்துதற் செலவு’ என்னும் ஒரு வரியினுள் அடங்கிவிடும். அவ்வொரு வரியே கூரையின் ஆயுளையும், பெருங்காற்றில் அதன்கீழ் உறங்குவோர் நலத்தையும் தீர்மானிப்பது.

பிணிப்பின் முதன்மைத் தொழில் தகட்டைத் தாங்குதல் என்றே பலருங் கருதுவர். உண்மையில் அதன் அரிய தொழில் தகட்டைப் பறவாமற் பிடித்துவைத்தலாம். இதனைச் சிறு கணக்கொன்றாற் காணலாம். இந்நாளிற் பெருவழக்கிலுள்ள 550 வாற்றுத் தகடொன்று ஏறத்தாழ 2.28 மீற்றர் நீளமும் 1.13 மீற்றர் அகலமும் உடையது. நிறை 27 அல்லது 28 கிலோகிராம். எனவே சதுர மீற்றருக்கு 11 கிலோகிராம் அளவே பாரம் உண்டாம். ஓட்டுக் கூரையின் ஓடுகள் மாத்திரமே இதனைப்போற் பன்மடங்கு பாரமானவை. பழுதற்ற கூரையொன்று இச்சிறு பாரத்தைப் பொருட்படுத்தாது.

காற்றின் செய்தி வேறு. அதன் அமுக்கம் வேகத்தின் வர்க்கத்திற்கேற்பக் கூடும். வேகம் செக்கனுக்கு எத்தனை மீற்றர் எனக் கண்டு, அதனை அதனாலேயே பெருக்கி, மீண்டும் 0.6 ஆற் பெருக்கினால், சதுர மீற்றருக்கு இத்தனை நியூற்றன் என்னும் அமுக்கம் கிடைக்கும். மணிக்கு 144 கிலோமீற்றர் வேகமுள்ள புயற்காற்று செக்கனுக்கு 40 மீற்றர் செல்வது. அதன் அமுக்கம் சதுர மீற்றருக்கு 960 நியூற்றன். மேற்கூறிய தகட்டின் பரப்பு 2.58 சதுர மீற்றராதலின், அதனை மேலே தூக்கும் விசை ஏறத்தாழ 250 கிலோகிராம் பாரத்திற்கு ஒப்பாகும். அஃதாவது தகட்டின் நிறையைப்போல் ஒன்பது மடங்கு. வேகம் இதிற் பாதியாயினும் விசை காற்பங்காகி 63 கிலோகிராமாய் நிற்கும். அதுவும் தகட்டின் நிறையினும் இருமடங்கிற்கு மேலானதே. இக்கணக்குப் பருமட்டானது. கூரையோடு ஒட்டி, அதற்குச் சமாந்தரமாய்க் கிடக்குந் தகட்டின் மேலும் கீழுமுள்ள அமுக்கங்கள் ஓரளவு சமனாவதாற் கூரை நடுவில் விசை இதனிற் குறையும். முகட்டிலும் விளிம்பிலும் மூலைகளிலும் காற்றோட்டம் கூரையை விட்டுப் பிரிந்து சுழல்வதால் அவ்விடங்களில் உறிஞ்சல் மிகும். விளிம்புவரை தகடு பரப்பலாகாது என்பதற்கு இதுவே காரணம். ஒரு தகடேனுங் கூட ஏற்றிவிட வேண்டும் என்னும் ஆசையாற் பீலிக்கு வெளியேயும் தகட்டை நீட்டி வைத்திருத்தலைச் சில வீடுகளிற் காண்கின்றோம். காற்றுக்குப் பிடியெடுத்துக் கொடுக்குஞ் செயல் அது.

நம் நாட்டிற்கு இவ்வேகங்கள் புதியன அல்ல. 1964ஆம் ஆண்டு திசெம்பர் 22ஆந் திகதி இரவு வீசி, மறுகரையிலே தனுஷ்கோடியை அழித்த புயல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையுந் தாக்கிற்று. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதியிற் கிழக்குக் கரையிற் புகுந்த சூறாவளி மட்டக்களப்பிலே எண்ணற்ற கூரைகளைப் பிடுங்கி எறிந்தது. அக்காலக் கூரைகளில் தகடுகள் இல்லை. இன்று அவ்வாறான காற்று வருமாயின், பிணிப்பு நெகிழ்ந்த ஒவ்வொரு தகடும் 27 கிலோகிராம் நிறையுள்ள கண்ணாடிப் பலகையாய்ப் பறக்கும்.

இனி, இவ்விசை எவ்வழியே செல்கின்றது என்று நோக்குவோம். தகட்டின் அலுமினியச் சட்டகத்தைக் கௌவி பற்றுகின்றது. தொழிலாளர் இதனைக் ‘கிளாம்ப்’ என்பர். கௌவி, ‘றெயில்’ எனப்படும் நீண்ட அலுமினியத் தாங்குசட்டத்தைப் பற்றுகின்றது. சட்டம் கொளுக்கியையும், கொளுக்கி கைமரத்தையும், கைமரம் சுவர்மேற் கிடக்கும் வளையையும் பற்றுகின்றன. இச்சங்கிலியில் நலிந்த கண்ணி எதுவோ அதன் வலியே முழுச் சங்கிலியின் வலியுமாம். கைமரம் சுவரோடு செவ்வனே பிணைக்கப்படாத பழைய வீட்டில், மேலே எத்துணை உயர்ந்த கௌவியைப் பூட்டினும் பயனில்லை. தகடு மட்டுமன்றிக் கூரையுஞ் சேர்ந்தே எழும்பும். தகடுகளுந் தமக்கெனச் சோதனை உடையன. சர்வதேச மின்தொழினுட்ப ஆணைக்குழுவின் நியமப்படி அவை சதுர மீற்றருக்கு 2400 நியூற்றன் சுமையைத் தாங்கிக் காட்டல் வேண்டும். ஆனால் அச்சோதனை, செய்தோன் குறித்த இடங்களிற் கௌவிகள் பூட்டப்பட்ட தகட்டிற்கே உரியது. கௌவியைக் கைக்கெட்டிய இடத்திற் பூட்டிவிட்டு அவ்வெண்ணை நம்புதல் தகாது.

ஓட்டுக் கூரையே நம்மவர்க்கு நெருங்கிய கூரையாதலின் அதனைச் சற்று விரித்து உரைப்போம். ஓடுகள் சிலாகைமேல் தம் பாரத்தாற் கிடப்பன. அவை எதனையும் பிடித்துவைக்க வல்லன அல்ல. சிலாகையும் மெல்லியது. ஆதலாற் கொளுக்கியைக் கைமரத்திலேயே பூட்டுதல் வேண்டும். ஓட்டை நீக்கி, கைமரத்தைக் கண்டு, கொளுக்கியின் அடித்தகட்டை இரண்டு திருகாணிகளாலேனும் இறுக்கி, அதன் வளைந்த புயத்தை இரண்டு ஓடுகளுக்கிடையே வெளிக்கொணர்ந்து, மேலோட்டின் அடிப்புறத்தைச் சிறிது அராவி மீண்டும் படுக்கவைத்தல் முறை. கொளுக்கிப் புயம் கீழோட்டைத் தொடாது சில மில்லிமீற்றர் விலகி நிற்றல் வேண்டும். தொட்டுக்கொண்டிருப்பின், காற்று அமுக்கும்போது புயம் வளைந்து ஓட்டை உடைக்கும். அவ்வெடிப்பு கீழே நிற்போர் கண்ணுக்குப் புலப்படாது. மாரி மழையில் முகட்டுக்கறையாகவே வெளிப்படும்.

யாழ்ப்பாணத்துப் பழைய கூரைகள் பலவற்றிற் கைமரம் பனையாகும். புறத்தே வைரமுடையவற்றைப் புல் என்றும், அகத்தே வைரமுடையவற்றை மரம் என்றுந் தொல்காப்பியர் மரபியலில் வகுத்தனர். அவ்வகையிற் பனை புல்லினத்தது. இலக்கணம் கற்போர் இதனை மனனஞ் செய்வதோடு அமைவர். திருகாணி பூட்டுவோனுக்கோ இது நாளாந்தத் தேவை. பனையின் வலியெல்லாம் கரிய புறநாரிலே உள்ளது. உட்சோற்றில் திருகாணி பற்றாது. புறநாரோ நெடுக்கே பிளக்கும் இயல்பினது. முன்னரே அளவான துளையிடாது திருகாணியை வலிந்து செலுத்தினால் கைமரம் நார்வழியே வெடிக்கும். வெடித்த மரத்தில் திருகாணி இறுகியதுபோலத் தோன்றினும் இழுவிசைக்கு நில்லாது.

கொளுக்கிகள் எத்தனை வேண்டும் என்னும் வினாவில்தான் சிக்கனம் புகுந்து கெடுக்கின்றது. தகட்டுக்கு இரண்டு சட்டங்களும், சட்டத்தில் 1.2 மீற்றருக்கு ஒரு கொளுக்கியும் வைத்தால், ஒவ்வொரு கொளுக்கியும் ஏறத்தாழ 1.37 சதுர மீற்றர்ப் பரப்பிற்குப் பொறுப்பாகும். முன்சொன்ன காற்றில் அதன்மேற் செல்லும் இழுவிசை ஏறத்தாழ 134 கிலோகிராம். தகட்டின் பாரத்தைக் கழித்தால் 120 அளவில் நிற்கும். ஒன்றுவிட்டு ஒன்றாகக் கொளுக்கியைக் குறைத்தால் விசை இருமடங்காகும். அதனோடு, தாங்கலின் இடைவெளி இருமடங்கானதாற் சட்டத்தின் வளைவு இருமடங்கினும் மிகப் பன்மடங்காகும். சில கொளுக்கிகளின் விலை இதனாற் சேமிக்கப்பட்டதென்பது உண்மையே.

அஸ்பெஸ்ரஸ் சீமெந்துத் தகடு வேய்ந்த கூரைகளும் நம்மிடை மிகுதி. அவற்றில் மின்துளைகருவியால் துளையிடும்போது எழும் நுண்டூசு நுரையீரலிற் புகுந்து பல்லாண்டு கழித்துப் புற்றுநோயையும் விளைவிக்க வல்லது. அன்றியும் முதிர்ந்த அத்தகடு ஆள் மிதித்தால் உடையும். சூரியத் தகடு ஏற்றுமுன் அக்கூரைப் பகுதியை உரிய காப்புடன் அகற்றி, வேறு தகரம் வேய்தலே அறிவுடைமை. தகரக் கூரையிலே அலையின் மேட்டில் துளையிடுக. பள்ளத்தில் இடின் மழைநீர் அத்துளைமீதே ஓடும். இறப்பர் வாசர் வெயிலுக்கு நிற்கும் இனத்தைச் சார்ந்ததாய் இருத்தல் வேண்டும். கொங்கிறீற்றுத் தட்டையான கூரையில் துளையிடாது சீமெந்துக் கற்களின் பாரத்தாலேயே தகட்டை நிறுத்துவதும் உண்டு. மேலுள்ள கணக்கை நினைவு கூர்வோர் எத்துணைக் கற்கள் வேண்டும் என்பதையும், அவற்றைக் கூரை தாங்குமோ என்பதையும் தாமே வினவிக்கொள்வர்.

காற்றுக்கு அடுத்த பகை உப்பு. கடல்சூழ்ந்த குடாநாட்டில் இது சிறுபகையன்று. இருவேறு உலோகங்களை உப்புநீரால் இணைத்தால் மின்னோட்டம் பிறக்கும் என்பதை வோல்ற்றா 1800ஆம் ஆண்டிலே தம் அடுக்கினாற் காட்டினார். விஞ்ஞான வகுப்பில் மாணவர் நாகத்தையும் செம்பையும் கொண்டு அதனை இன்றுஞ் செய்து பார்க்கின்றனர். கூரையில் அதே கலம் நாம் விரும்பாமலே அமைகின்றது. அங்கே கரைந்தழிவது அலுமினியம். செம்புக் கம்பி அலுமினியச் சட்டத்தை நேரே தொடுதல் மிகத் தீது. செம்பின்மேல் வழிந்த நீர் அலுமினியத்தில் சொட்டினுங் குழி விழும். ‘ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல்’ எனப்படும் கறையில் உருக்கு அலுமினியத்தோடு சேர்வதும் ஒருவகைக் கலமே. ஆயினும் சிறிய உருக்குத் திருகாணியைப் பெரிய அலுமினியச் சட்டம் சூழ்ந்திருப்பதால் அரிப்புப் பெரும்பரப்பிற் பரந்து மெலிகின்றது. பரப்பை மாற்றி, பெரிய உருக்குத் தகட்டிற் சிறிய அலுமினிய ஆணி அறைந்தால் ஆணி விரைவில் அழியும். உலோகங்கள் எவை என்பது மட்டுமன்றி, எது பெரிது, எது சிறிது என்பதும் பொருளாம்.

கறையில் உருக்கிலும் 304, 316 என இருவகை வழங்கும். பின்னையதில் நூற்றுக்கு இரண்டு முதல் மூன்று பங்கு மொலித்தனம் கலந்துள்ளது. கடற்காற்றுக்கு அதுவே தக்கது. இரண்டையுங் கண்ணால் வேறுபடுத்த இயலாது. போல்ற்றின் தலையில் பொறித்த ‘ஏ2’, ‘ஏ4’ என்னுங் குறிகளே அடையாளம். ஏ4 என்பது 316 வகைக்குரியது. வேலணையிலும் காரைநகரிலும் கூரையேற்றுவோர் இக்குறியை ஒருமுறை பார்த்துக்கொள்ளல் நன்று.

வெப்பத்தால் விரிதலையும் மறத்தலாகாது. 12 மீற்றர் நீளமான அலுமினியச் சட்டம், விடியற்காலைக்கும் நண்பகலுக்கும் இடையே 40 பாகை சூடேறினால் 11 மில்லிமீற்றர் நீளும். சட்டங்களின் இணைப்பில் இடைவெளி விடாதிருப்பின் அந்நீட்சி கொளுக்கிகளை நாள்தோறும் இழுத்துத் தள்ளித் திருகாணிகளை நெகிழ்த்தும்.

தகட்டை வெயிலுக்கு நேராகச் சாய்க்க உயர்ந்த தாங்கிகள் வேண்டும் என்பாரும் உளர். யாழ்ப்பாணம் 9 பாகை 40 கலை வட அகலாங்கில் உள்ளது. ஏப்பிரில் நடுவிலும் ஓகஸ்ற் இறுதியிலும் ஞாயிறு நம் உச்சிக்கு நேரே வருகின்றது. ஏறத்தாழப் பத்துப் பாகைச் சரிவு இங்கே போதும். அது மழைநீர் தூசியைக் கழுவிச் செல்லவும் உதவும். கூரையின் சரிவோடு ஒட்டியே தகட்டை வைத்து, கீழே காற்றோடுவதற்குப் பத்துப் பதினைந்து சதமமீற்றர் விட்டால் தகடுங் குளிரும். உயர்ந்த தாங்கியாற் பெறும் மின் சிறிது; அது வரவழைக்கும் காற்று பெரிது.

இறுதியாக ஒரு சிறு வாசர் பற்றி. அலுமினியச் சட்டத்தின் மேலுள்ள ஒட்சைட்டுப் படை அரிப்பைத் தடுக்கும், மின்னையுந் தடுக்கும். ஆதலால், சட்டகங்களைப் புவியோடு தொடுக்கும்போது அப்படையைக் கீறிப் புகும் பல்லுள்ள வாசர் இடப்படும். அஃதில்லாவிடிற் புவிக்கம்பி பூட்டப்பட்டும் பூட்டப்படாததேயாம். கௌவிகளையுஞ் செய்தோன் குறித்த முறுக்கத்திற்கு, அதனை அளந்து காட்டுஞ் சாவியாலேயே இறுக்கல் வேண்டும். மிகை இறுக்கம் சட்டகத்தை நெளிக்கும், குறை இறுக்கம் காற்றில் நடுங்கித் தளரும். புரட்டாதியில், வடகீழ்ப் பருவமழைக்கு முன்னர், ஆண்டுக்கொருமுறை இவற்றைப் பார்வையிடுதல் நன்று. ஒவ்வொரு சுரையையுந் திருகிப் பார்க்கவேண்டுவதில்லை. முதலில் இறுக்கிய அன்றே சுரைக்கும் போல்ற்றுக்குங் குறுக்கே அழியா மையாற் கோடொன்று இட்டிருந்தால், அக்கோடு முறிந்த சுரைக்கு மாத்திரஞ் சாவி எடுத்தாற் போதும்.