தலைமுறைகளுக்கிடையே விசுவாசம்: ஒரு நீண்டகால ஆய்வும் ஆயர் பணியும்

வாலிபர் திருச்சபையை விட்டு விலகிச் செல்கின்றனர் என்னும் முறையீடு குருமார் கூடுமிடங்களில் அடிக்கடி கேட்கப்படுவதாகும். இதற்குக் காரணம் கூறுவோர் இரு சாரார். ஒரு சாரார் காலத்தின் போக்கைக் குறை கூறுவர்; மற்றொரு சாரார் பெற்றோரின் பக்திக் குறைவைச் சுட்டுவர். இக்கருத்துகள் எந்த அளவிற்கு உண்மை என்பதை ஆராய, ஒரே குடும்பங்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து நோக்கிய ஆய்வொன்று நமக்குத் துணைபுரிகின்றது. அமெரிக்காவின் தென் கலிபோர்னியாவில் நடைபெற்ற அவ்வாய்வின் முடிவுகளையும், அவை ஆயர் பணிக்கு உணர்த்துவனவற்றையும் இங்கு நாம் காண்போம்.

ஆய்வின் தோற்றம்

1960களின் பிற்பகுதியில் வியட்நாம் போர் எதிர்ப்பும் மாணவர் கிளர்ச்சிகளும் அமெரிக்கச் சமுதாயத்தை உலுக்கின. 'தலைமுறை இடைவெளி' என்னும் தொடர் பரவலாக வழங்கலாயிற்று. மானிடவியல் அறிஞர் மார்கரெட் மீட் 1970இல் வெளியிட்ட நூலில், விரைந்து மாறும் உலகில் மூத்தோர் இளையோரிடமிருந்து கற்கும் நிலை தோன்றியுள்ளது என வாதிட்டார். குடும்பம் தன் செல்வாக்கை இழந்துவிட்டது என்று பலரும் எண்ணினர்.

இவ்வெண்ணத்தைச் சோதிக்க முற்பட்டவர் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்துச் சமுதாயவியல் பேராசிரியர் வெர்ன் பெங்ட்சன். 1971இல் பாட்டன் பாட்டியர், பெற்றோர், வாலிபர் ஆகிய மூன்று தலைமுறையினர் 2,000க்கும் மேற்பட்டோரிடம் அவர்தம் குழுவினர் செய்தி திரட்டினர். அதே குடும்பங்களை 2005 வரை மீண்டும் மீண்டும் அணுகினர். 1991இல் நான்காம் தலைமுறையும் சேர்க்கப்பட்டது. 350க்கும் மேற்பட்ட குடும்பங்களைச் சார்ந்த 3,500க்கும் அதிகமானோர் இதில் பங்குபெற்றனர். பெற்றோர் தம் இளமையில் கூறியதையும், அவர்தம் பிள்ளைகள் ஏறத்தாழ அதே வயதில் கூறியதையும் ஒப்பிட இயன்றமையே இவ்வாய்வின் சிறப்பு. 'எங்கள் காலத்தில்' என்று முதியோர் நினைவை மட்டும் நம்பிப் பேசுவதற்கு இங்கு இடமில்லை.

ஆறு பிணைப்புகள்

'நெருங்கிய குடும்பம்' என்னும் பொதுச்சொல்லோடு பெங்ட்சன் அமையவில்லை. தலைமுறைகளின் ஒருமைப்பாட்டை அவர் ஆறு கூறுகளாகப் பகுத்தார். ஒருவர்மேல் ஒருவர் கொண்ட பாசம். சந்தித்தும் உரையாடியும் வரும் தொடர்பு. கருத்துகளிலும் மதிப்பீடுகளிலும் உள்ள ஒற்றுமை. பொருளாலும் உழைப்பாலும் செய்துகொள்ளும் உதவி. குடும்பக் கடமையைப் பற்றிய உணர்வு. வசிக்கும் தொலைவு போன்ற புறச் சூழ்நிலை என்பன அவை. இவற்றுள் ஒன்று இருக்கப் பிறிதொன்று இல்லாதிருக்கலாம். ஒரே கூரையின்கீழ் வாழ்ந்து, ஒன்றாக ஆலயத்திற்குச் சென்று, கடமையில் குறைவின்றி நடக்கும் குடும்பத்திலும் பாசம் வறண்டிருக்கக்கூடும். தொலைவில் வாழும் மகன் கருத்தில் வேறுபட்டும் தந்தையிடம் நெருக்கமுடையவனாய் இருக்கக்கூடும்.

கண்ட முடிவுகள்

2002இல் வெளிவந்த நூல் கல்வி நோக்கத்தையும் தன்மதிப்பையும் ஆராய்ந்தது. மணமுறிவும், தாய்மார் வேலைக்குச் செல்லுதலும் பெருகிய காலத்தில் வளர்ந்த வாலிபர், தம் பெற்றோர் அவ்வயதில் கொண்டிருந்ததைவிட உயர்ந்த கல்வி நோக்கமும் மிகுந்த தன்மதிப்பும் உடையவராய்க் காணப்பட்டனர். தாய் வேலைக்குச் சென்றமையால் கேடு விளைந்ததாகத் தெரியவில்லை. மணமுறிவினால் பெரிதும் நலிந்தது தந்தையோடுள்ள உறவே.

2013இல் வெளிவந்த நூல் சமய மரபு கைமாறுவதை ஆராய்ந்தது. வாலிபர் 10 பேரில் ஏறத்தாழ 6 பேர் பெற்றோரின் சமய நிலையையே கொண்டிருந்தனர். 1970 முதல் 2005 வரை இவ்வொற்றுமை பெரிதும் குன்றவில்லை. சமயப் பற்றற்ற பெற்றோரும் தம் நிலையைப் பிள்ளைகளுக்கு வழங்கியிருந்தனர். ஆதலின் திருச்சபைக்கு வெளியே நிற்கும் வாலிபர் அனைவரையும் கலகக்காரர் எனக் கொள்ளுதல் பொருந்தாது. அவர்களுள் பலர் தம் வீட்டில் பெற்றதையே பேணுகின்றனர்.

குருமார் சிறப்பாகக் கருதத்தக்கது இனி வருவது. பெற்றோரின் பக்தி மட்டும் விசுவாசத்தைக் கைமாற்றப் போதுமானதாய் இல்லை. பெற்றோரின் அன்பைப் பிள்ளைகள் உணர்ந்தார்களா என்பதே பெரிதும் கணக்கில் வந்தது. குறிப்பாகத் தந்தையின் பாசம் முதன்மை பெற்றது. இவாஞ்சலிக்கல் சபைக் குடும்பங்களில், தந்தையோடு நெருக்கம் உணர்ந்தோருக்கும் உணராதோருக்கும் இடையே விசுவாசத் தொடர்ச்சியில் ஏறத்தாழ 25 விழுக்காட்டளவு வேற்றுமை இருந்தது. பக்தி மிகுந்தும் கண்டிப்பும் விலக்கமும் உடைய பெற்றோரின் பிள்ளைகள் சிலர் எதிர்த்து விலகினர். விலகிப் பின் திரும்பியோரின் குடும்பங்களிலோ, பொறுமையோடு காத்திருந்து, உறவை அறுக்காத பெற்றோர் காணப்பட்டனர். பாட்டன் பாட்டியரும் சில குடும்பங்களில் பெற்றோரின் பணிக்குத் துணைநின்றனர். சிலவற்றில் அப்பணியைத் தாமே ஏற்றனர்.

எச்சரிக்கையும் பயனும்

இம்முடிவுகளை அப்படியே நம் சபைகளுக்குப் பொருத்திவிடலாகாது. ஆய்வுக்குட்பட்டோர் தென் கலிபோர்னியாவில் தொடங்கிய குடும்பங்களைச் சார்ந்தோர், பெரும்பாலும் வெள்ளையர். அன்றியும், இரண்டு சேர்ந்து காணப்படுவதால் ஒன்று மற்றொன்றை விளைவித்தது என்று துணிதல் இயலாது. விசுவாசம் தேவனுடைய ஈவு என்பதே நம் போதனை. சமுதாயவியல் அளப்பது சபைச் சார்பையும் பழக்கத்தையும் நம்பிக்கைக் கூற்றையுமேயன்றிக் கிருபையை அன்று. எனினும், கிருபை செயல்படும் மானிட உறவுகளைப் பற்றி அறிதல் நமக்குத் தகும். தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பேசும் பவுல், பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லி நினைவுகூர்கின்றார்.

ஆதலின் நாம் மூன்று கருத்துகளை முன்வைக்கின்றோம். முதலாவது, குடும்ப ஊழியத்தில் தந்தையரைத் தேடிச் செல்லுதல் வேண்டும். பிள்ளைகளின் சமய வளர்ப்பைத் தாய்மாரிடமும் ஓய்வுநாள் பள்ளியினிடமும் விட்டுவிடும் வழக்கம் மறுபரிசீலனைக்குரியது. இரண்டாவது, பிள்ளை விலகிய பெற்றோரிடம் குற்றம் சாட்டுவதைவிட, அப்பிள்ளையோடுள்ள உறவின் கதவை அடைக்காதிருக்க அவர்களைத் திடப்படுத்துவதே ஆயரின் கடன். மூன்றாவது, ஆயர் இல்லங்களைப் பற்றியது. சபையாரின் பிள்ளைகளுக்காக மாலைதோறும் வெளியே செல்லும் ஊழியர், தம் சொந்தப் பிள்ளைகள் தம்மைப் பக்தியுள்ள மனிதராக மட்டும் அறிந்திருக்கின்றனரா, அன்றி நெருங்கிய தந்தையாகவும் தாயாகவும் அறிந்திருக்கின்றனரா என்று வினவுதல் வேண்டும். இவ்வினாவிற்கு விடை கூறவேண்டியவர்கள் பிள்ளைகளே. அவர்களிடம் கேட்பதற்கு நமக்கு மனத்தாழ்மை தேவை.