கோம்பை நாய்க்குப் பெயர் இருக்கிறது, தடுப்பூசி அட்டை இருக்கிறதா?

தேனி மாவட்டத்தின் உத்தமபாளையம் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது கோம்பை. செம்பழுப்பு உடம்பும் கருத்த மூஞ்சியுமாக நிற்கும் கோம்பை நாய்க்குப் பெயர் கொடுத்த ஊர் இதுதான். காட்டுப்பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்ட இனம். 2005-ல் அஞ்சல் துறை நான்கு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது ராஜபாளையத்துக்கு இடம் கிடைத்தது, கோம்பைக்குக் கிடைக்கவில்லை. 2020 ஆகஸ்டில் ‘மனதின் குரல்’ உரையில் பிரதமர் இந்திய நாய் இனங்களைச் சொன்னபோது கோம்பையும் அதில் வந்தது.

பெயர் பரவினால் வியாபாரமும் வரும். ‘ஒரிஜினல் கோம்பை’ என்று கைப்பேசியில் படம் காட்டி, பால்குடி மறக்காத குட்டியை விற்பவர்களிடம் ஏமாறத் தேவையில்லை. 2017-ன் நாய் இனப்பெருக்க விதிகளின்படி, குட்டி போடவைத்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. ரசீது கேட்டு வாங்குங்கள். நோய்க்குட்டியையோ வேறு இனத்தையோ தலையில் கட்டிவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது.

வாங்கியாயிற்று. அடுத்து நடப்பதுதான் வருத்தம். தோட்டத்து வீடுகளில் ‘கட்டிப்போட்டால்தான் கோபம் வரும், காவல் காக்கும்’ என்றொரு நம்பிக்கை உண்டு. பகலெல்லாம் முழ நீளச் சங்கிலியில் கிடக்கும் நாய்க்கு வருவது பயம். பயந்த நாய்தான் பால்காரரையும் பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கடிக்கிறது. நீண்ட நேரம் குட்டையான சங்கிலியில் கட்டிவைப்பது 1960-ன் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. குட்டியின் முதல் மூன்று மாதத்தில் புது ஆட்கள், பைக் சத்தம், ஆடு மாடு எல்லாவற்றையும் மெல்லப் பழக்குங்கள். சொன்னதைக் கேட்டவுடன் ஒரு துண்டு தீனி கொடுங்கள். வெயில் ஏறுமுன் ஓடவிடுங்கள். அடியால் வராத பணிவு இதில் வரும்.

வளர்ப்பு நாய் பிறரைக் கடிக்காமல் பார்த்துக்கொள்வது உரிமையாளரின் சட்டக் கடமை. கவனக்குறைவாக விட்டால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, ஐந்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நாயை அடித்தோ விஷம் வைத்தோ கொல்பவருக்கு 325-வது பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை.

கடித்துவிட்டால்? சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். க.விலக்கில் உள்ள தேனி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தொடங்கி கம்பம், போடி அரசு மருத்துவமனைகள் வரை தடுப்பூசி இலவசம். தொப்புளைச் சுற்றிப் போட்ட பழைய ஊசியை இந்தியா 2004-லேயே நிறுத்திவிட்டது. இப்போது தோலில் போடும் ஊசிதான்: முதல் நாள், பின் 3, 7, 28-ம் நாட்கள். ரத்தம் வந்த காயத்துக்கு இம்யூனோகுளோபுலினும் தேவை, கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். ‘நம்ம வீட்டு நாய்தானே’ என்று தள்ளிப்போடுவதுதான் பெரிய ஆபத்து. ரேபிஸ் அறிகுறி தெரிந்தபின் பிழைப்பது அநேகமாக இல்லை.

கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் கூடுதலாக ஒரு எச்சரிக்கை தேவைப்படுகிறது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மனிதருக்கு இனிப்பான அந்தப் பழம் நாய்க்கு விஷம். திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும். டார்டாரிக் அமிலம் காரணமாக இருக்கலாம் என்பது இப்போதைய கணிப்பு. இத்தனை பழம் வரை பரவாயில்லை என்று சொல்ல ஒரு கணக்கும் கிடையாது. பந்தலடியில் உதிர்ந்து கிடப்பதைத் தின்ற நாய் வாந்தி எடுத்து, சோர்ந்து, சிறுநீர் குறைந்தால் காலம் கடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். தின்றது தெரிந்ததுமே, அறிகுறிக்குக் காத்திராமல், கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் செல்ல வேண்டும். பழம் பொறுக்கும் நாட்களில் நாயைப் பந்தலுக்கு வெளியே வைப்பது அதைவிட மலிவு. தெளித்து மிச்சமான மருந்துக்கும் எலி விஷத்துக்கும் இதே கவனம் வேண்டும்.

கோம்பை வேட்டை நாய்தானே என்று மலைக்குக் கூட்டிப்போவோரும் உண்டு. மேலே இருப்பது 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம். அங்கே பன்றி வேட்டை, நாய் பிடித்தாலும் ஆள் பிடித்தாலும், வனவுயிர்ச் சட்டப்படி குற்றம். நோயும் நாயோடு காட்டுக்குள் போகும். 2018-ல் குஜராத்தின் கிர் காட்டில் செத்த சிங்கங்களிடம் கெனைன் டிஸ்டம்பர் வைரஸ் இருந்தது தெரியவந்தது. நாய்களைத் தாக்கும் அதே வைரஸ்.

ரேபிஸ் ஊசி குட்டிக்கு மூன்று மாதத்தில் முதலில் போட வேண்டும், பிறகு ஆண்டுதோறும். டிஸ்டம்பர், பார்வோ ஊசிகளை மருத்துவர் சொல்லும் தேதிகளில் போடுங்கள். செப்டம்பர் 28 உலக ரேபிஸ் தின முகாம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கு இந்த வாரமே கூட்டிச் செல்லுங்கள். அவசரம் என்றால் 1962-ஐ அழையுங்கள்.